எல்லாரும் சாப்பிட்டாச்சா?

பிப்ரவரி பிறந்ததும் ஸ்கார்வோய் தீவுக்கு மீன் வந்துவிட்டது. ஊரில் எல்லாருடைய வாயிலும் மீன்தான். என் பக்கத்து வீட்டு ஹில்மார் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மீன் வந்துவிட்டால் எங்கள் தீவில் யாரும் இளைத்திருக்க வழியே இல்லை. புதுக் காட் மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஈரலைத் தனியாக, சினையைத் துணியில் முடிந்து தனியாக வேகவைத்து, உருளைக்கிழங்கோடு பன்னிரண்டு மணிக்கு மேசையில் வைத்தால், பிறகு ஒரு மணி நேரம் தெருவில் ஈ காக்கை இருக்காது. அப்படிப்பட்ட மாதத்தில்தான் ஹில்மார் எண்பத்து நாலு கிலோவிலிருந்து அறுபத்தாறுக்கு வந்து நின்றார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும்.

அவருக்கு மறதி நோய். மூன்று வருஷமாகிறது. முதலில் படகுகளின் பெயர் போயிற்று, பிறகு துறைமுகத்துக்குப் போகிற வழி, பிறகு ஆட்கள். அவர் மனைவி ஓட்னியும் நானும் மீன் ஆலையில் முப்பத்தோரு வருஷம் எதிரெதிரே நின்று மீன் அரிந்தவர்கள். என் புருஷன் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன். அதனால் அவள் வீட்டு அடுக்களைக்குள் நான் கதவைத் தட்டிவிட்டுப் போவதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். வெளியே பனியும் மழையும் கலந்து குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. ஓட்னி ஹில்மாரின் கழுத்தில் துண்டைக் கட்டி, கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் திற, ஹில்மார். ஒரே ஒரு வாய்."

ஹில்மார் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"நேத்து திறந்தியே. நேத்து ரெண்டு கரண்டி உள்ள போச்சே."

"நீ?" என்றார் ஹில்மார்.

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். மொதல்ல நீ."

அவர் தட்டை மெதுவாக, சிந்தாமல், அவள் பக்கம் தள்ளினார். ஓட்னி அதைத் திரும்ப அவர் முன்னால் இழுத்து வைத்தாள். அவர் மறுபடி தள்ளினார்.

"பாத்தியா குன்வர்? தினம் இதே கூத்துதான். தட்டைத் தள்றான். சின்னப் புள்ளைக்கு ஊட்டற மாதிரி ஊட்டுன்னு நீதானே சொன்னே? கரண்டியைக் கடிக்கறான். பல்லு உடையப் போகுதுன்னு எனக்குக் குலை நடுங்குது."

அந்த யோசனை என்னுடையதுதான். நான் சொல்கிற யோசனைகள் பாதிக்கு மேல் இப்படித்தான் முடியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

"நர்ஸ் வந்தாளே, என்ன சொன்னா?"

ஓட்னி கரண்டியைக் கீழே வைத்தாள். "எடை பாத்தா. எழுதிக்கிட்டா. தானா சாப்பிட மாட்டேங்கறான், எடை எறங்கிக்கிட்டே போகுது, இனிமே வீட்டுல வச்சிக்கறது கஷ்டம்னா. அக்கரை இல்லத்துல ஒரு அறை காலியா இருக்காம். அடுத்த வியாழன் இல்லாம அதுக்கடுத்த வியாழக்கிழமை நகராட்சியிலேருந்து ஒரு பொண்ணு வருவாளாம். அவ பாத்துட்டு முடிவு பண்ணுவாளாம்."

அக்கரை என்றால் படகில் ஒன்றே கால் மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும், காற்று அடிக்காமல் இருந்தால். பிப்ரவரியில் காற்று அடிக்காத நாள் எது என்று யாராவது சொன்னால் தேவலை.

"கல்யாணமாகி அம்பத்திரண்டு வருஷம்," என்றாள் ஓட்னி. "அதுல இவன் கரையில இருந்த நாள் எவ்வளவு? கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள், கோடையில மூணு வாரம். பிள்ளைங்க பொறந்தப்பக் கூட இவன் கடல்ல. வேலையை விட்டு வீட்டுக்கு வந்தப்ப, இப்பத்தான்டி எனக்குப் புருஷன் கெடைச்சான்னு நெனச்சேன். இப்ப என்னடான்னா இவங்க தூக்கிட்டுப் போறோங்கறாங்க."

அழவில்லை. மீன் ஆலையில் வேலை பார்த்தவர்கள் ஈரக் கையோடு கண்ணைத் தொட மாட்டோம், உப்பு எரியும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

நர்ஸ் எடை பார்த்ததோடு சும்மா போய்விடவில்லை. உருப்படியாகவும் சில விஷயம் சொல்லியிருந்தாள். வெள்ளை மேசை விரிப்பு, அதன் மேல் வெள்ளைத் தட்டு, அதில் வெள்ளை மீன், வெள்ளைக் கிழங்கு, மேலே பால் குழம்பும் வெள்ளை. மறதி நோய் வந்த கண்ணுக்கு அதில் சாப்பாடு எது, தட்டு எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாளாம். ஓட்னிக்குச் சுருக்கென்றது. அவள் அம்மா கொடுத்த விரிப்பு அது. எங்கள் ஊரில் மீன் போடுகிற மேசை வெள்ளையாக இருந்தால்தான் மரியாதை. ஆனாலும் விரிப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, கடையில் நீலத் தட்டு நாலு வாங்கினாள். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி போட்டாள். பிடி தடித்த கரண்டி ஒன்றும் வந்தது.

நீலத் தட்டு கொஞ்சம் வேலை செய்தது. ஹில்மார் மீனைப் பார்த்தார். தடித்த கரண்டியை எடுத்து மீனை முள் நீக்கிப் பிரித்தார். கிழங்கை ஒரு பக்கம், ஈரலை ஒரு பக்கம் என்று அழகாக ஒதுக்கி வைத்தார். எல்லாம் செய்துவிட்டுத் தட்டை ஓட்னி பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாமர்த்தியமெல்லாம் இருக்கு," என்றாள் ஓட்னி. "வாய்க்குள்ள போடறது மட்டும்தான் இல்ல."

அந்த வாரக் கடைசியில் எய்னார் வந்தார். எய்னாரும் ஹில்மாரும் 'ஹாவ்ப்ரிஸ்' என்கிற தூண்டில் கப்பலில் பதினெட்டு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். எய்னார் மேல்தளத்தில் தூண்டில் கயிறு இழுப்பவர். ஹில்மார் கப்பலின் சமையல்காரர். எய்னாருக்கு இப்போது இடுப்பு போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. ஒரு வாளியில் பெரிய மீன் ஒன்றும் ஈரலும் சினையும் கொண்டுவந்திருந்தார்.

"என்ன ஹில்மார், எலும்புக்கூடு வேஷமா?" என்று கத்தினார். ஹில்மார் சிரித்தார். யாரென்று தெரிந்து சிரித்தாரா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

ஓட்னி வேகவைத்தாள். இத்தனை மீனுக்கு வேறு பாத்திரம் கொள்ளாது என்று அட்டாலையிலிருந்து பெரிய கறுப்பு இரும்புச் சட்டியை இறக்கினாள். எய்னாருக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள். ஹில்மாருக்குப் போட்டுவிட்டு, வழக்கம்போல் கரண்டியோடு பக்கத்தில் உட்காரப் போனாள்.

"நீயும் உக்காந்து தின்னு," என்று அதட்டினார் எய்னார். "விருந்தாளி திங்கறப்ப வீட்டுக்காரி குத்துக்கல்லாட்டம் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத் தொண்டையில எறங்காது."

அவளும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். எய்னார் இருக்கிற இடத்தில் மறுத்துப் பேச முடியாது. சாப்பிட்டோம். எய்னார் ஈரலை ரொட்டியில் மசித்து மசித்து மூன்று தட்டு சாப்பிட்டார். ஹில்மார் தன் தட்டைத் தொடாமல் எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எய்னார் எழுந்தார், தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார், "சாப்பாட்டுக்கு நன்றி," என்றார். எங்கள் நாட்டில் இது சொல்லாமல் மேசையை விட்டு எழுந்தால் பெற்றவர்களைத்தான் திட்டுவார்கள். நானும் சொன்னேன். ஓட்னியும் வாய்ப்பழக்கத்தில் சொன்னாள். சமைத்தவளே தனக்கு நன்றி சொல்லிக்கொள்கிறாள் என்று எய்னார் சிரித்தார்.

அப்போது ஹில்மார் எழுந்தார். கழுத்துத் துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். குரல் பழைய குரல். பதில் வருமுன்பே அடுப்புக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டிக்குள் கையைவிட்டார். கறுப்புச் சட்டியில் வெள்ளை மீன் பளிச்சென்று கிடந்தது. ஒரு துண்டு. இன்னொரு துண்டு. கிழங்கு ஒன்று முழுசாக. பிறகு மீன் தலையை எடுத்துக் கன்னச் சதையைப் பெருவிரலால் நெம்பிச் சாப்பிட்டார்.

ஓட்னி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

"இதுல என்ன அதிசயம்?" என்றார் எய்னார், பல் குத்திக்கொண்டே. "கப்பல்ல இவன் ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட்டிருக்கானா? பத்து பேரும் தின்னு முடிச்சு, பத்து தட்டும் தொட்டியில விழுந்து, பத்து நன்றியும் வந்தாத்தான் இவன் சட்டியத் தொடுவான். நின்னுக்கிட்டே. ஒருக்கா கேப்டன் நன்றி சொல்லாம மேல போயிட்டாரு. இவன் சாயந்தரம் வரைக்கும் பட்டினி. கேட்டா, கணக்குல ஒண்ணு கொறையுதுங்கறான். கிறுக்கன்."

ஓட்னி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, பனிதான்.

"நான் இவனுக்கு மொதல்ல ஊட்டிட்டு அப்புறம் தானே திங்கறேன்," என்றாள். "அதுவும் பாதி நாள் திங்கறதே இல்ல. இவன் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். நான் இவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு முட்டாளும் பட்டினி."

அப்போதுதான் நான் அவளைச் சரியாகப் பார்த்தேன். பாவாடையை ஊக்குப் போட்டு இறுக்கியிருந்தாள். ஹில்மாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்கூட அவள் இடுப்பைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து முறை மாறியது. துண்டு கிடையாது, ஊட்டுவது கிடையாது. சட்டி அடுப்பில் இருக்கும், ஹில்மார் கரண்டியோடு நிற்பார், ஓட்னி உட்கார்ந்து சாப்பிடுவாள். முதல் இரண்டு நாள் அவளுக்கு ஒரு கிழங்குக்கு மேல் இறங்கவில்லை. ஒருவர் தலைக்கு மேல் நின்று பார்க்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்றாள். அவர் அவள் தட்டை எட்டிப் பார்ப்பார்.

"ஏய், மெலிஞ்சவனே. பூனைக்கா வச்சேன்? நாளைக்கும் கயிறு இழுக்கணும்."

இன்னொரு துண்டு வைப்பார். அவள் சாப்பிட்டாக வேண்டும். ஏமாற்ற முடியாது. நான் ஒரு நாள் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். தட்டிலிருந்த மீனைக் காகிதத்தில் மறைத்துவிட்டு நன்றி சொன்னேன். ஹில்மார் என் மடியைப் பார்த்தார், காகிதத்தை எடுத்தார், பிரித்தார், மீனைத் தட்டில் திரும்ப வைத்தார். மகள் பெயர் மறந்துவிட்டது, இதெல்லாம் மறக்கவில்லை.

முள்கரண்டி சில நாள் அவர் கையில் நிற்கவில்லை; அதை வைத்து என்ன செய்வதென்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதனால் அவர் கையால் எடுக்கிற மாதிரியே ஓட்னி எல்லாவற்றையும் செய்தாள். சின்னக் கிழங்குகளைத் தோலோடு முழுசாக வேகவைத்தாள், மீனைப் பெரிய துண்டாகப் போட்டாள், சினையை விரல் தடிமனுக்கு நறுக்கினாள், மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சுருட்டிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சில நாள் அவர் மறந்து பாதியில் நிற்பார். அப்போது ஓட்னி தொட்டிப் பக்கம் போய் ஒரு தட்டை 'டங்'கென்று வைப்பாள். கை மறுபடி சட்டிக்குள் போகும். எல்லா நாளும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் நடந்தது. மீதி இரண்டு நாள் அழுகையும் ரகளையும்தான்.

ஒரு நாள் பனி வாரிக்கொண்டிருந்தோம், அவள் வாசலுக்கு அவள், என் வாசலுக்கு நான். மண்வாரியை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"அவனுக்கு நான் யாருன்னு தெரியல, குன்வர். கப்பல்ல வேலைக்கு வந்த பையன்னு நெனைக்கறான். மொதல்ல நெஞ்சு அடைச்சுது. அப்புறம் யோசிச்சேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சாப்பிட்டேனான்னு யாரு பாத்தா? இவன் கடல்ல பத்து பேரைப் பாத்துக்கிட்டான். பதினோராவது ஆளா நானும் ஏறிட்டேன், அவ்வளவுதான். போகட்டும்."

அந்த வியாழக்கிழமை வந்தது. நகராட்சிப் பெண் பத்தரைப் படகில் இறங்கினாள். பெயர் சில்யே. முப்பது வயது இருக்கும். மூன்று மணிப் படகில் திரும்ப வேண்டும் என்றாள். மடியில் கணினியை வைத்துக்கொண்டு கேட்டாள்: தானாகக் குளிக்கிறாரா, தானாகக் கழிவறைக்குப் போகிறாரா, வெளியே போய்த் தொலைந்திருக்கிறாரா. ஓட்னி உள்ளதை உள்ளபடி சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு வராது; வந்தால் நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

பன்னிரண்டானது. ஹில்மார் ஆள் எண்ணி மேசையில் மூன்று நீலத் தட்டு வைத்தார்: ஓட்னி, நான், சில்யே.

"எனக்கு வேண்டாம்," என்றாள் சில்யே. "தப்பா நெனைக்காதீங்க. போற வீடுகள்ல சாப்பிடக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. ரொட்டி கட்டி எடுத்துட்டு வந்திருக்கேன், படகுல சாப்பிட்டுக்கறேன். நான் இல்லாத மாதிரி நெனைச்சிக்குங்க."

நாங்கள் சாப்பிட்டோம். தட்டைத் தொட்டியில் வைத்தோம், நன்றி சொன்னோம். ஹில்மார் அகப்பையோடு அடுப்பை ஒட்டி நின்றார். சில்யேயின் காலித் தட்டைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். தொடவில்லை. கால் மணி நேரம் போயிற்று. மீன் ஆறிக்கொண்டிருந்தது. சில்யே ஏதோ தட்டி எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

ஓட்னி இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இந்தா பொண்ணு," என்றேன். "நீ சாப்பிடாம அவன் சாப்பிட மாட்டான்."

"நானா? எனக்கும் அவருக்கும் என்ன?"

"இவரு கப்பல் சமையல்காரரு," என்றாள் ஓட்னி. "எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாரு. உங்களையும் எண்ணிட்டாரு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் சொன்னேனே, விதி..."

அதற்குள் ஹில்மாரே வந்துவிட்டார். அவள் தட்டில் ஒரு கிழங்கு மட்டும் வைத்தார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"புதுசா? கடல் ஒத்துக்கலையா?"

சில்யே எங்களைப் பார்த்தாள்.

"மொதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான்," என்றார் ஹில்மார். "வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வெறும் வயித்தோட இருந்தாத்தான் ரொம்பப் புரட்டும். கிழங்கு மட்டும் தின்னு. மீன் அப்புறம்."

மூன்று மாதமாக அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சில்யே கணினியை மூடினாள். கிழங்கைச் சாப்பிட்டாள். அவர் மீன் வைத்தார், அதையும் சாப்பிட்டாள். ஈரல் வைத்தபோது அவளே ரொட்டியை எடுத்து அதன் மேல் மசித்தாள். எங்கேயோ ஒரு கடற்கரையில் வளர்ந்த பெண்தான் என்று தெரிந்தது. தட்டு காலியானது. ஹில்மார் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார். இன்னும் ஒன்று பாக்கி என்று ஓட்னிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்ல வாயெடுத்தேன், ஓட்னி என் காலை மிதித்தாள்.

சில்யே எழுந்தாள். தட்டைத் தொட்டியில் வைத்தாள். அவள் அம்மா நல்ல அம்மாவாக இருக்க வேண்டும். திரும்பி ஹில்மாரைப் பார்த்துச் சொன்னாள்: "சாப்பாட்டுக்கு நன்றி."

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு," என்றோம் மூன்று பேரும்.

அவர் திரும்பிச் சட்டிக்குள் கையைவிட்டார். சில்யே சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். நாலு துண்டு மீன், மூன்று கிழங்கு, சினை பாதி, சுருட்டிய ரொட்டி இரண்டு. யாரும் ஊட்டவில்லை, யாரும் சொல்லவில்லை. கடைசியில் சட்டி அடியை விரலால் வழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

சில்யே உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். எழுதியதில் ஏதோ அழித்தாள்.

"சாப்பாட்டுக்கு இவருக்கு என்ன உதவி வேணும்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

"எதுத்தாப்பல உக்காந்து மொதல்ல சாப்பிட ஒரு ஆள்," என்றாள் ஓட்னி.

"அது நீங்கதானே?"

"நான்தான். எனக்கு முடியாத அன்னிக்கு இவ இருக்கா. இவளுக்குத் திங்கச் சொல்லித் தர வேண்டாம்."

"அந்த அறையை வேற ஒருத்தருக்குக் கொடுக்கச் சொல்லிடறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அப்ப எப்படி இருக்கும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது, ஓட்னி."

"ஆறு மாசம்னா கோடை," என்றாள் ஓட்னி. "கோடையில கூட அவன் என்கூட மூணு வாரத்துக்கு மேல இருந்ததில்ல."

சில்யே மூன்று மணிப் படகுக்குக் கிளம்பினாள். பையிலிருந்து தன் ரொட்டிக் கட்டை எடுத்து, இனி இது எதற்கு என்று எங்கள் கடற்காக்கைகளுக்கு வீசிவிட்டுப் போனாள். விதியை மீறியதை யாரிடமும் சொல்ல மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நானும் இதுவரை சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் நர்ஸ் எடை பார்க்கிற கருவியோடு வந்தாள். ஹில்மார் ஏறி நின்றார். இரண்டரை கிலோ கூடியிருந்தது. நர்ஸ் எழுதிக்கொண்டே, "நீங்களும் போன தடவை மாதிரி ஏறுங்க, சும்மா பாப்போம்," என்றாள். ஓட்னி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"என்ன ஓட்னி, போன தடவையை விட அஞ்சு கிலோ கூட இருக்கீங்க?"

ஓட்னி பாவாடை இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஊக்கு இல்லை. அடுப்புப் பக்கம் ஹில்மார் அகப்பையால் சட்டி விளிம்பைத் தட்டினார். பன்னிரண்டாகியிருந்தது.

"அவன் விடமாட்டேங்கறான்," என்று சொல்லிவிட்டு அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.